தானாகச் சாகாத மீன்

ஏரிக்கரையில் அவரைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், எதற்கெடுத்தாலும் படபடவென்று பொரிவார். பதினாறு வயதில் அப்பாவின் படகில் ஏறியவர், அறுபதை நெருங்கும்வரை வேறு தொழிலை எட்டிப் பார்த்ததில்லை. தானியக் கிடங்கில் காவல் வேலை இருக்கிறதென்று மைத்துனர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "நாற்காலியில உக்காந்து மூட்டைக்குக் காவல் இருக்க நான் என்ன பூனையா?" என்று கேட்டு, வந்த ஆளைக் கடுகு திருப்பி அனுப்பினார்.

இப்போது அந்த நாற்காலி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. காரணம் தொட்டி மீன்.

யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தார். அது முழங்கை நீளம் ஆனதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டார். ஒருவரா, பத்துப் பேரா, யார் கண்டது? அவர்கள் பார்த்த பாவம் கடுகின் தலையில் விடிந்தது. உடம்பெல்லாம் ஓடு, துடுப்பெல்லாம் முள். மற்ற மீன்களின் முட்டையைத் தின்றே கொழுக்கிறது. வலையில் பட்டால் முள்ளை விரித்துக்கொண்டு கிடக்கும். வலைக் கண்ணியை அறுத்தால்தான் வெளியே வரும். சந்தையில் சும்மா கொடுத்தாலும் சீந்த ஆளில்லை. இரண்டு வலைகள் அப்படியே கந்தலாகிவிட்டன. மிச்சம் ஒன்றுதான். அதுவும் போனால் நாற்காலிதான் கதி.

விலைபோகாத மீனை, பிழைத்துப் போகட்டும் என்று படகிலிருந்தே ஏரியில் போட்டுவிடுவது அந்தக் கரையின் பழக்கம். அதை நிறுத்தச் சொல்லி எல்லாப் படகுக்காரர்களிடமும் தொண்டை கிழியக் கத்தியவர் கடுகுதான். "இனிமே ஒண்ணத் தண்ணியில போட்டீங்கன்னா என் மூஞ்சியில முழிக்காதீங்க. கரைக்குக் கொண்டாந்து குழியில போட்டு மூடுங்க." அவரும் வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டினார். நல்ல மீனோடு அவர் சந்தைக்குப் போவார். கழித்துப் போட்ட தொட்டி மீன் கூடையைக் குழியில் கொட்டி மண் தள்ளுவது மனைவியின் வேலை.

இரண்டு மாதமாகியும் தொட்டி மீன் குறையவில்லை. எவனோ ஏமாற்றுகிறான் என்று ஒவ்வொரு படகாகப் போய்ச் சண்டை போட்டார். படகு வைத்திருந்த சம்பந்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் ஒரு மீன் எட்டுக் கண்ணிகளைக் கிழித்தது. ஆத்திரத்தில் அதன் வாலில் பாதியை வெட்டிக் கூடையில் எறிந்து, கரையில் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் காலை அதே அரை வால் மீன், அதே வலையில் சிக்கிக்கொண்டு வந்தது.

கடுகு அன்றைய கூடையோடு நேராக வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத குழியை எட்டிப் பார்த்தார். உதிர்ந்த இலைகள்தான் கிடந்தன.

மனைவி மழுப்பவில்லை. "நான்தான் ஏரியில விட்டேன்."

"ஊரையே திட்டித் தீர்த்தேன். சம்பந்தி முகம் குடுத்துப் பேசறதில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா விட விட்டிருப்பீங்களா? மத்த மீனெல்லாம் கரைக்கு வர்றதுக்குள்ள அதுவா செத்துடும். இது சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. உசிரோட இருக்கறது மேல மண்ணத் தள்ள எனக்குக் கை வரல."

"அப்ப அடிச்சுக் கொன்னுட்டுத் தள்ளவேண்டியதுதானே."

"நீங்க கொல்லுங்க," என்று விறகுக் கட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

இதென்ன பெரிய வித்தை என்றுதான் வாங்கினார். அரை வால் மீனைக் கல்லில் வைத்துக் கட்டையை ஓங்கியபோதுதான் உறைத்தது. நாற்பது வருடத்தில் பிடித்த மீனுக்குக் கணக்கில்லை. ஒன்றைக்கூட அவர் கையால் கொன்றதில்லை. எல்லாம் படகின் அடியில் தானாகத் துடித்துத் தானாக அடங்கியவை. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

முதல் அடி ஓட்டில் வழுக்கியது. இரண்டாவது அடிக்குப் பிறகும் வாய் திறந்து மூடியது. தொட்டியில் வளர்த்தவன் மேல், மனைவி மேல், மீன் மேல், தன் மேல் எல்லாம் எரிச்சலாக வந்தது. "செத்துத் தொலையேன்," என்றார். மூன்றாவது அடியில் அது அடங்கியது. கட்டையும் கையுமாகக் கூடையைப் பார்த்தபடி நின்றார். கூடையில் இன்னும் பதினேழு கிடந்தன.

"நகருங்க," என்று மனைவி கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பதினேழையும் ஒவ்வொன்றாக அடித்தாள். முகத்தைத் திருப்பவில்லை, கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினாள்.

"நாளைக்கும் இவ்வளவு வருமா?"

"கூடத்தான் வரும்."

"அப்ப இன்னொரு கட்டை பாத்து வையுங்க. தினமும் நான் ஒருத்தியே அடிக்க மாட்டேன்."