கறிக்கடைக்காரர் சியோனேயின் மூன்று நாள் தலைமை

ஆட்சி கைக்கு வந்த மனிதன் முதலில் யாரை நினைப்பான்? ஊரையா, பக்கத்துக் கடைக்காரனையா? ஃப்ளாரன்ஸ் குடியரசில் மாட்டுக்கறி விற்ற சியோனேயின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

எங்கள் ஊரில் அரசன் கிடையாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தோல்பையில் போட்டு, கையை விட்டு எடுப்பார்கள். பெயர் வந்த ஒன்பது பேர் இரண்டு மாதம் ஆள வேண்டும். யாரும் அவர்களைக் கெடுத்துவிடக் கூடாதென்று அதுவரை மாளிகையை விட்டு வெளியே விடமாட்டார்கள். ஆளப்படுகிறவர்கள் தெருவில் திரிய, ஆளுகிறவர்கள் பூட்டுக்குள் இருப்பது எங்களுக்கு ஒருநாளும் விசித்திரமாகத் தோன்றியதில்லை.

சியோனேயின் பெயர் வந்த அன்று அவர் பிந்தோவின் கழுத்தைப் பிடித்திருந்தார். பிந்தோ பக்கத்துக் கறிக்கடைக்காரர். குடல் கழுவிய தண்ணீரைப் பல வருடங்களாகச் சியோனேயின் வாசலில்தான் ஊற்றுவார். சேவகர்கள் வந்து பிடியை விடுவித்து, சிவப்பு அங்கியைப் போர்த்தி, சியோனேயை அழைத்துப் போனார்கள்.

"போய்யா, போய் ஊரை ஆளு!" என்று பிந்தோ பின்னாலிருந்து கத்தினார். "உன் தராசையே உன்னால நேரா நிறுத்த முடியல!"

அந்த நொடியில் சியோனே முடிவு செய்துவிட்டார். பிந்தோவை நாடு கடத்த வேண்டும்.

ஆனால் தீர்மானத்தை முன்வைக்க ஒன்பது பேரில் அப்போதைய தலைவரால்தான் முடியும். தலைமையோ மூன்று நாளுக்கு ஒருமுறை கைமாறும். பிறகு ஒன்பது பேரும் அடுத்தவர் கண்ணில் படாமல் மொச்சைக்கொட்டை போட்டு வாக்களிக்க வேண்டும். கறுப்பு என்றால் சரி, வெள்ளை என்றால் வேண்டாம். ஆறு கறுப்பு விழுந்தால் நிறைவேறும். பதிலுக்கு உதவுவார்கள் என்று சியோனே எல்லோருக்கும் கறுப்பே போட்டார். அவர்களில் ஒருவரான கம்பளி வியாபாரி தத்தேயோ தன் மாமனாரின் மாடியை இடிக்கச் சொன்னபோதும் கறுப்புதான். அதைப் பொது நன்மை என்று எழுதிக்கொண்டார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் மாடி இடிந்த பிறகு அந்தத் தெருவுக்கு வெயில் வந்தது.

தலைமை சியோனேயிடம் வந்தபோது போதுமான பேர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மனைவி லிப்பா சதுக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்க, அந்தப் பிந்தோவை நாடு கடத்திட்டீங்களா இல்லையா? இன்னைக்கும் ஊத்திட்டான்!"

"கத்தாதடி! நான் இப்ப அரசாங்கம்!"

"அரசாங்கமாம்! உங்க கடையை யாரு பாத்துக்கறான்னு தெரியுமா? அந்தப் பிந்தோதான். கறி அழுகிடுமேன்னு அவனே வெட்டி வித்து, காசை என் கையில கொடுத்துட்டு, போற போக்குல தண்ணியையும் ஊத்திட்டுப் போறான்! முதல்ல அவனைத் துரத்துங்க!"

சியோனே ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு நாள் அவர் எதையும் முன்வைக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோரும் கறுப்புக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சியோனே எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நம்ம சமையல்காரன் கன்றுக்கறியில லவங்கம் அதிகமாப் போடறான். குறைக்கணும்."

தத்தேயோ அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். "யோவ், பிந்தோ என்னய்யா ஆனான்?"

"லவங்கம்," என்றார் சியோனே.

ஒன்பது கறுப்பும் விழுந்தன. ஏன் என்று தத்தேயோ கேட்டார். லிப்பா பல வருடம் கேட்டாள். விஷயம் காதில் விழுந்த பிந்தோவும் ஒருநாள் கத்தியைத் தீட்டியபடியே கேட்டார். சியோனே ஒருவருக்கும் சொல்லவில்லை.