ஹென்டர்சன் துரையின் ரீல்

போன மாதம் மகனின் பிறந்த நாளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலுக்குப் போயிருந்தோம். பழைய காலத்து அலங்காரமாம். சுவர் முழுக்க அரிக்கேன் விளக்கு, விரல் விட்டுச் சுற்றும் டெலிபோன், வால்வு ரேடியோ. நடுவில், தூண்டில் கழியில் மாட்டுகிற பித்தளை ரீல் ஒன்று. சாப்பாடு வருவதற்குள் எழுந்து போய் அதன் கைப்பிடியைச் சுற்றினேன். கிர்ர்ர் என்றது.

“தொடாதீங்க மேடம். வெள்ளைக்காரங்க காலத்துது” என்றார் பரிமாறுகிறவர்.

கையை எடுத்துக்கொண்டேன். அவரிடம் என்ன சொல்வது? அதை மன்னார்குடியில் எங்கள் வீட்டு எருக்குழியில் பதினோரு நாள் புதைத்துவைத்து, தோண்டி எடுத்துக் கழுவியவள் நான்தான் என்றா?

எங்கள் வீட்டின் முன்கட்டு அப்பாவின் லேத் பட்டறை. பின்கட்டில் நாங்கள் இருந்தோம். பித்தளைச் சுருள் காலில் குத்தாமல் வாசலுக்குப் போக முடியாது. லேத்துக்கு ஊற்றுகிற எண்ணெய் வாசனை துணியில், புத்தகத்தில், சில நாள் ரசத்தில்கூட இருக்கும். பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள், தலையைத் திருப்பாமலே நான் வந்துவிட்டதைச் சொல்வாள்.

அப்பாவுக்கு வேலையெல்லாம் ஆயில் இன்ஜின் புஷ்ஷும் ரைஸ்மில் உதிரி பாகமும்தான். மீனுக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. அப்படி இருக்கையில், பாசன இலாகாவில் இருந்த ஒரு இன்ஜினியர் பல் உடைந்த சீமை ரீல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் மதகுப் பக்கம் தூண்டிலோடு உட்காருகிறவர். அப்பா ஒரு வாரம் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். உடைந்த பல்சக்கரத்துக்குப் பதில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டார். அதோடு விடாமல், அதேபோல முழு ரீலே ஒன்று செய்துவிட்டார். உருளையும் தட்டும் பித்தளை, கைப்பிடிக் குமிழ் பூவரசு. தூண்டில் நரம்பு ஓடும்போது கிர்ரென்று கத்துவதற்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்.

இன்ஜினியரின் நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுடைய நண்பர்கள் கேட்டார்கள். அண்ணன் தட்டுக்குத் துளை போடுவான், அப்பா கடைவார், அம்மா குமிழுக்கு உப்புத்தாள் தேய்ப்பாள். இப்படித்தான் நாங்கள் ரீல் செய்கிற குடும்பமானோம். ‘ரீல் விடுறது’ என்று ஊரில் பேசுவார்களே, அதற்கும் நாங்கள் பொருத்தமானது கொஞ்சம் பிறகு.

கரண்டு மோட்டார்கள் வந்து ஆயில் இன்ஜின் வேலை குறைந்த சமயத்தில், தஞ்சாவூரில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். ரீலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா இருக்கே” என்றார்.

“புதுசா பண்ணினா புதுசாத்தானேங்க இருக்கும்” என்றார் அப்பா.

பழசு மாதிரி செய்து தந்தால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். அண்ணனுக்கு ஒரே உற்சாகம். ஒரு ரீலைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டான். மறுநாள் அது பொங்கலுக்குத் துலக்கிய பானை மாதிரி பளபளத்தது. அம்மா சிரித்துவிட்டு, “களிம்பு ஏறணும்னா எருக்குழில போடு. போன வருஷம் தொலைஞ்ச செம்பு அங்கதான் பச்சையாக் கெடைச்சுது” என்றாள்.

உப்புத்தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி எருக்குழியில் புதைத்தோம். பதினோராம் நாள் எடுத்தபோது, அந்த ரீல் என் அப்பாவைவிட மூத்ததாக இருந்தது. அதைக் கழுவி, எண்ணெய் தொட்டுத் துடைப்பது என் வேலை.

இன்னொரு வேலையும் எனக்கு வந்தது. நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, வரன் வருகிறதா வேலை வருகிறதா என்று வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு ரீலுக்கும் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதித் தரும்படி கடைக்காரர் கேட்டிருந்தார். டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்த தாளில், சாய்வெழுத்தில் எழுதினேன். பித்தளை, கைவேலை என்றுதான் ஆரம்பித்தேன். அது போதாது என்று கடைக்காரர் சொல்ல, சொந்தக்காரர்களை உண்டாக்கினேன். நான் அதுவரை ஒரு வெள்ளைக்காரரையும் பக்கத்தில் பார்த்ததில்லை. பள்ளி இலக்கணப் புத்தகத்தில், லீவு லெட்டர் எழுதும் பயிற்சியில் வந்த பெயர்களை எடுத்துக்கொண்டேன். அப்படி எழுதியதுதான், ‘ஹென்டர்சன் துரை. ரயில்வேயில் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லணையில் தூண்டில் போடுவதில் பிரியமுள்ளவர். பொறுமைசாலி.’ அந்தப் ‘பொறுமைசாலி’யைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு மார்கழிக் காலையில், அறுபது வயதிருக்கும் ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஆங்கிலோ இந்தியர். வெளுத்த சிவப்பு நிறம், தொப்பி, கையில் துணிப்பை. பழம்பொருள் கடையின் வாட்ச்மேன் எங்கள் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். வந்தவர் பேசியது சுத்தமான திருச்சித் தமிழ்.

“ரீல் ஒண்ணு சுத்த மாட்டேங்குதுங்க. நீங்க ரிப்பேர் பண்ணுவீங்கன்னாங்க. பாத்துப் பண்ணுங்க, எங்க தாத்தாவோடது. நானும் பொன்மலைல ரயில்வே பட்டறைல ஃபிட்டரா இருந்தவன்தான். ஆனா இத நானே தொறக்கறதுக்கு மனசு வரல.”

பையிலிருந்து ரீலை எடுத்தார். கூடவே, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்ட சீட்டு. என் கையெழுத்து. நான் காபித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

“எங்க தாத்தா ரயில்வேலதான் இருந்தாரு. கல்லணைக்கு மீன் புடிக்கப் போவாராம். அவரு போனப்புறம் சாமானெல்லாம் வித்துட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல. கடைல இந்தச் சீட்டுல ஹென்டர்சன்னு அவரு பேரப் பாத்ததும் வெலகூடப் பேசாம வாங்கிட்டேன்.”

அப்பா தட்டைக் கழற்றினார். வெளியே பச்சையாகக் களிம்பேறியிருந்த ரீல், உள்ளே எலுமிச்சம்பழ மஞ்சளாக இருந்தது. வந்தவர் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்க்ரூவை எடுத்து நகத்தால் மரையைத் தடவினார்.

“தாத்தா காலத்துல இந்த மில்லிமீட்டர் மரை இல்லீங்களே” என்றார் மெதுவாக.

அண்ணன் லேத்தை நிறுத்தினான். அப்பா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். “நான் கடைஞ்சதுங்க. இந்த லேத்துலதான். மூணு வருஷம் இருக்கும்.”

“அப்ப இந்தப் பேரு?”

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பித்தளை, கைவேலை என்று நான் முதலில் சொன்னதையே நம்பிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, “என்னம்மா எழுதின?” என்றார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பொறுமைசாலி வரைக்கும். பெயர் எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். வந்தவர் காபியை முழுக்கக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரோ என்னவோ, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாதான் கேட்டார். “உங்க தாத்தாவோட ரீல் எப்படி இருந்துச்சுன்னு யாராச்சும் சொல்லிருக்காங்களா?”

“எங்கப்பா சொல்லுவாரு. காபி சாசர் அகலம். குமிழ் எலும்புல.”

அப்பா சாக்பீஸால் தரையில் வரைந்தார். வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோட்டை அழித்து, வேறு கோடு போட்டார். அப்புறம் இரண்டு பேரும் மரையைப் பற்றியும் ஸ்பிரிங்கைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தார். தட்டுக்குத் துளை போட்டது அவரேதான். குமிழுக்கு மட்டும் எலும்புக்குப் பதில் மாட்டுக் கொம்புதான் கிடைத்தது.

ரீல் முடிந்த அன்று, பழக்கதோஷத்தில் நான் சாக்கை நனைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

“அது வேண்டாம்மா” என்றார் அப்பா. “ஆத்துல போட்டு அவரே பழசாக்கிக்குவாரு.”

பழைய ரீலை அவர் எங்களிடமே விட்டுவிட்டார். சீட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். அதை எப்படியாவது வாங்கிக் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், கேட்டும் பார்த்தேன்.

“இருக்கட்டும்மா” என்றார். “எங்க தாத்தாவப் பத்தி வேற யாரும் நாலு வரி எழுதினதில்ல.”

அடுத்த முறை பழம்பொருள் கடைக்காரர் வந்தபோது, அப்பா புது ரீல்களைப் புதிதாகவே எடுத்து வைத்தார். அவர் பார்த்துவிட்டுப் போனவர்தான். அண்ணன் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டான். இன்றும் அந்த வேலைதான். எனக்கு அடுத்த வருஷம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. லீவு லெட்டர் பாடம் வரும்போதெல்லாம் பெயரைச் சத்தமாகப் படிக்காமல் தாண்டிவிடுவேன்.

அடுத்த டிசம்பரிலிருந்து, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பொன்மலையிலிருந்து கேக் வரும். பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்து, கயிறு கட்டி, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவான். அம்மாவுக்கு அதில் ரம் வாசனை வருகிறது என்று சந்தேகம். கேட்டதில்லை, சாப்பிடாமலும் இருந்ததில்லை. டப்பாவைக் காலியாக அனுப்பக் கூடாது என்று, பொங்கலுக்கு முறுக்கு நிரப்பித் திருப்பி அனுப்புவாள். கடிதம் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு முறை டப்பாவுக்குள் ஒரு தாள் இருந்தது: ‘முக்கொம்பில் கெண்டை. ரீல் நன்றாகக் கத்துகிறது.’

ஒரு வருஷம் கேக் வரவில்லை. அப்பா தானே பஸ் ஏறிப் பொன்மலைக்குப் போனார். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மழைக்காலத்தில் அவர் இறந்துபோனதையும், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதையும் சொல்லியிருக்கிறார்கள். அப்பா திரும்பி வந்து, அந்த வாரம் லேத்தைப் போடவில்லை.

இப்போது அப்பா இல்லை, லேத் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. எருக்குழிக்கு மேல் அண்ணன் கார் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறான். கண்டக்டர் கையில் யாரும் எதையும் கொடுத்து அனுப்புவதில்லை. அம்மா மட்டும், உயிரோடு இருந்தவரைக்கும், டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அண்ணனைக் கேட்பாள்.

“திருச்சி பஸ் வந்துடுச்சாப்பா?”

“வந்துடுச்சும்மா” என்பான் அவன். கேக் எங்கே என்று அம்மாவும் கேட்டதில்லை.