கட்டி நிறுத்திய கரும்பு

அந்த ஆண்டுப் புயல் மழையில் எங்கள் ஒன்றரை ஏக்கர் கரும்பும் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மூன்று நாள் வயலில் நின்று வடிந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமென்றால் அரசு நிவாரணம் உண்டு; வேளாண் அலுவலர் வந்து பார்த்துப் பட்டியலில் சேர்ப்பார் என்றார்கள். அது கிடைத்தால்தான் மறுநடவுக்கு விதைக்கரணை வாங்க முடியும். நான் அப்போது கள்ளக்குறிச்சியில் கல்லூரி மாணவி. பேச்சு மேடைகளில் பரிசில்லாமல் இறங்கியதில்லை.

"ஆபீசர் வந்து பாக்கற வரிக்கும் அப்டியே கெடக்கட்டும்மா," என்றார் அப்பா.

நான் எழுந்து நின்றேன். மண்ணில் கிடக்கும் கரும்பு கணுவில் வேர்விட்டுச் சாறு குறையும் என்பது என் முதல் வாதம். சேதத்தைக் காட்சிக்கு வைத்துக் காத்திருப்பது உழைப்பவருக்கு அழகல்ல என்பது இரண்டாவது. மூன்றாவதற்குக் குரலைத் தாழ்த்தினேன். எங்கே தாழ்த்த வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

"விழுந்ததை எடுத்து நிறுத்தத் தெரியாதவர்களா நாம்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

சாய்ந்த கரும்பை நிமிர்த்தி, நான்கைந்தாகச் சேர்த்து, அதன் தோகையையே முறுக்கிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூவரும் நான்கு நாள் கட்டினோம். தோகையின் சுணை கழுத்தெல்லாம் அரித்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரித்தார்.

"இன்னாண்ணா, கரும்புக்கு ஜடை பின்னிக்கினு கீறீங்க? பூ எப்ப வெக்கப் போறீங்க?"

"வெக்கும்போது உன்னியும் கூப்புடறேன், வா," என்றார் அப்பா.

பக்கத்து வயல்காரர் விழுந்த கரும்பை அப்படியே விட்டுவிட்டார்; தம் வயலில் கால்கூட வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் வந்த அலுவலர் ஓர் இளம்பெண். போனில் எங்கள் வயலைப் படமெடுத்தார்.

"கரும்பு நிக்குதேங்க. நிக்கறத சாஞ்சதுன்னு நான் எப்டி எழுதறது?"

"வேரு அறுந்துபோச்சும்மா. நாங்கதான் கட்டி வெச்சிக்கீறோம்," என்றார் அப்பா.

"கட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எதுனா இருக்குதுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். என் போனில் பரிசுக் கோப்பைகளோடு நான் நிற்கும் படங்கள்தான் இருந்தன. அலுவலர் பக்கத்து வயலுக்குப் போய் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் எங்கள் கரும்பு நின்றபடியே காய்ந்தது. கட்டுகள் மட்டும் அவிழவில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழாக இருமுறை படித்தேன். பக்கத்து வயல்காரர் இருந்தார், அப்பா இல்லை. எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை. பசித்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

"நீ பேசனா கேப்பாங்கம்மா," என்று சொல்லி அப்பா என்னைக் குறைதீர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கையில் மைக் வந்தது. மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி எங்கள் மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"பாக்கறதுக்கு முன்னாடியே ஏங்க கட்டுனீங்க?"

"நான்தாங்க கட்டச் சொன்னேன்," என்றேன். தயாரித்து வைத்திருந்த உரை முழுவதும் நினைவில் இருந்தது. அதில் ஒரு வரியும் அந்தக் கேள்விக்கு உரியதல்ல. மனுவில் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பேருந்து தியாகதுருகம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"கரும்பு வேணாம்மா. இந்த தபா உளுந்து வெதச்சிக்கலாம். இன்னா சொல்ற?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சரிப்பா," என்றேன்.