தண்ணீர் லாரிக்குப் பின்னால்

ஆக்னஸுக்குச் சைக்கிளில் வேகம் சொல்லிக் கொடுத்தவை பூந்தமல்லி சாலை லாரிகள்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்குப் பயிற்சியாளர் வைக்க வசதி ஏது? ஓடும் லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டால் எதிர்காற்று தெரியாது என்று பதினாறு வயதில் தானாகவே கண்டுபிடித்தாள். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சைக்கிளை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். நல்லவேளை, அவர் பார்த்ததெல்லாம் மகள் வாங்கி வந்த பதக்கங்களை மட்டும்தான்.

இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனாள். அந்தப் பட்டத்தில் அரசு வேலை கிடைத்தது. பாடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஜீவாவோடு கல்யாணம் ஆனது. காட்டுப்பாக்கத்தில் குடியேறினார்கள், ஒரு மகனும் பிறந்தான். ஊர் அவளை 'முன்னாள் சாம்பியன்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அது அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. முப்பத்துமூன்று வயதில் மறுபடியும் சைக்கிளை வெளியே எடுத்தாள். இந்த வருடம் மாநில அணியில் இடம் கிடைக்கவில்லையென்றால் அதற்கப்புறம் யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும்.

வெளிவட்டச் சாலையில் இரண்டு நாள் தேர்வு. அந்தந்த நாள் முதலில் வருபவருக்கு அந்தப் போட்டிக்கான அணியில் ஓர் இடம். சனிக்கிழமை ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டும். எதன் பின்னாலும் ஒண்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஓட்டும் பந்தயம்.

சனிக்கிழமை பாதி தூரத்தில், தடுப்பு வைத்திருந்தும் திருவேற்காடு பக்கமிருந்து ஒரு தண்ணீர் லாரி உள்ளே நுழைந்துவிட்டது. அது ஆக்னஸைக் கடந்து போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அவள் உடம்பு அவளைக் கேட்காமலே குனிந்து லாரிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. இன்றைக்குக் கால் நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷம் வேறு பட்டுக்கொண்டாள். லாரி பக்கத்துச் சாலையில் திரும்பிப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

எல்லோரையும்விடக் குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்தாள். நடுவர் ஹேமநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் காஞ்சி வராங்க. நீ மட்டும் நனைஞ்சி வந்து நிக்கிற. மழையா பேஞ்சிது?"

குனிந்து பார்த்தாள். சட்டையெல்லாம் ஈரம், முகமெல்லாம் சேற்றுப் புள்ளி. லாரி ஒழுகியிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"தண்ணி லாரி சார். பின்னாலயே வந்துட்டேன் போல" என்றாள்.

பெயரை அடித்துவிட்டார்கள். அந்த இடம் தீபிகாவுக்குப் போனது. அம்பத்தூர் ஃபிளாட்டில் இருக்கும் பெண். இருபது வயது, கார் விலையில் சைக்கிள்.

ஜீவாவுக்கு ஆறவில்லை. "மூஞ்சி கழுவிக்கினேன்னு சொல்லிக்கினு போயிருக்கலாம் இல்ல?"

"வாய் வரலய்யா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தீபிகா தொடக்கத்திலேயே முன்னால் பாய்ந்தாள். இரண்டு இடத்தையும் வாரிக்கொண்டு போகும் ஆசை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, ஆக்னஸ் மட்டும் அவள் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தாள். நேற்றைய கோபத்தில் முந்திப் போகத்தான் கால் துடித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். கொடி கண்ணில் பட்ட பிறகுதான் வலப்பக்கம் விலகி, உள்ளதையெல்லாம் போட்டு மிதித்தாள். அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

தீபிகா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து நின்றாள். "என்னக்கா இது, வழி பூரா என் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டு வந்தீங்க. காத்தெல்லாம் எனக்கு, ஜெயிக்கிறது நீங்களா?"

"லாரி பின்னால வந்தா தப்பும்மா. உன் பின்னால வந்தா தப்பில்ல. ரூல் அப்டி கீது, நான் இன்னா பண்றது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. தீபிகா என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். முகம் நனைந்தது பற்றி இந்த முறை ஹேமநாதன் ஒன்றும் கேட்கவில்லை, பெயரை எழுதிக்கொண்டார்.