பதினாலு பிள்ளைக்கு ஒரு மீனாட்சி

போன வாரம் சித்திரபுரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எட்டிப் பார்ப்பது தப்புதான், பார்த்துவிட்டேன். திரையில் ஒரு குழந்தை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தது.

"எம் பொண்ணுதான்க்கா. டே கேர்ல கேமரா வச்சிருக்காங்க. ஓட்டல் வேலைக்குப் போற வழியெல்லாம் பாத்துக்கிட்டே போவேன்."

"பாப்பா பேரு என்னம்மா?"

"மீனாட்சி. மீன் மாதிரி அழகான கண்ணுன்னு அர்த்தம்."

இன்னொரு அர்த்தமும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையைத் திறக்க, குழந்தைப் பவுடர் வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் இருபது வயதாகிவிட்டது.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போகும்போது பிள்ளைகளை விட ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே இதே பவுடரும் புளித்த பாலும் கலந்த வாசனை. பதினாலு தொட்டில்கள், ஒவ்வொன்றும் அந்தந்தத் தாயின் பழஞ்சேலை. என் மகனுக்கு என் மஞ்சள் சேலை. எல்லோருக்கும் ஒரே ஆயா, பெயர் மீனாட்சி. தூக்க மாட்டாள், தாலாட்ட மாட்டாள். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிள்ளைக்கு ஏதாவது என்றால் அதன் சேலையை அவிழ்த்து வெளிச்சுவரில் விரிப்பாள். எதிர்மலையில் நிற்கும் எங்களுக்கு நிறம் தெரியும். சேலைக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

எனக்கு அது தலைப்பிள்ளை. உலகத்தில் நான் ஒருத்திதான் பெற்றவள் என்ற நினைப்பு. அழுகிற பிள்ளையை எடுக்காமல் கல்லு மாதிரி இருக்கிறாளே என்று ஆத்திரப்பட்டு, சூப்பர்வைசரிடம் வத்தி வைத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அவளை மலைவேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார். முழங்கால் மடங்காத அவளால் மலையேற முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை தலையை நிமிர்த்துகிறேன், சுவரில் மஞ்சள்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. ஆயா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள்.

"பால் குடிச்சுட்டுக் கெடக்கையில கண்ணு ஒரு மாதிரி சொருகுச்சு தாயி. அப்பவே சேலைய விரிச்சுட்டேன். ரோட்டுல போனவன ஜீப்புக்கு அனுப்பிருக்கேன்."

தூங்குகிறான் என்று விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு நேரே ஆயா வீட்டுக்குப் போனேன். "அழுதாக்கூட ஏன் ஆயா எடுக்க மாட்டேங்கிய?"

"ஒண்ணத் தூக்குனா அதத்தான் பாக்க முடியும். பதினாலு கெடக்குல்லா?"

மீன் அடைகாப்பதில்லை, பார்த்துப் பார்த்தே முட்டையைப் பொரிக்கும் என்பார்கள். அப்படிப் பார்வையாலேயே பிள்ளைகளைக் காக்கிறவள் மீனாட்சி. மீன் நிஜமாகவே அப்படிச் செய்யுமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அதைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் சூப்பர்வைசரிடம் போய், நான் சொன்னது தப்பு என்றேன். கண்டபடி ஏசிவிட்டு மாற்றலை நிறுத்தினார். வத்தி வைத்தவள் நான்தான் என்று ஆயாவிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பஸ் வளைவில் திரும்பியதும் சிக்னல் போய், திரையில் குழந்தை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் போனை உயர்த்தி உயர்த்திப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. பழைய சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. எப்போது அந்த வழியாகப் போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். அன்றைக்கும் அதன்மேல் விடுதித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை. எந்தத் தாயையும் ஓடிவரச் சொல்ல அதில் ஒரு நிறமும் இல்லை.