நாய்க்கொரு தனிச் சட்டி

மீன் அவிப்பதற்கு என் மனைவி இரண்டு சட்டிகள் வைத்திருந்தாள். பெரியது எங்களுக்கு. சிறியது அவளுடைய நாய்க்கு. அதில் உப்பில்லை, வெங்காயமில்லை, உள்ளிப்பூண்டில்லை, முள் களைந்த மீன் மட்டும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், உலர்ந்த திராட்சையான முந்திரிகை வத்தல் சிறுநீரகத்தை அழிக்கும் என்று வருவோரிடமெல்லாம் பொறுமையாகச் சொல்வாள். கேட்டுத் தலையாட்டியவர்கள், அவள் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, கதிரைக்குக் கீழே கிடக்கும் நாய்க்குத் தட்டில் மிஞ்சியதை நீட்டுவார்கள். அன்பு என்று நம்மவர்கள் அழைப்பதில் பெரும்பகுதி, வேண்டாததைத் தள்ளிவிடும் வசதிதான்.

அவள் போன பின் வந்த முதல் நத்தார், இயேசு பிறந்த திருநாள். துக்க வீட்டில் அவ்வருடம் பலகாரம் சுடுவதில்லை. உறவினர் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். தனித்த கிழவன் ஒருவன் அத்தனையையும் எப்படித் தின்பான் என்று எவரும் யோசிப்பதில்லை. பேசாலையிலிருந்து வந்த மனைவியின் தங்கை, முந்திரிகை வத்தல் நிறைந்த கேக் கொண்டுவந்திருந்தாள். நான் தேநீரோடு திரும்பியபோது தட்டில் பாதி இல்லை. நாய் அவள் காலடியில் நிலத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"அக்காவின்ர பங்கு, அத்தான். அவ இல்லாத நத்தாருக்கு அவவின்ர நாயாவது தின்னட்டும்."

கண்ணீரோடுதான் சொன்னாள். அக்கா உயிரோடிருந்து சொன்னபோது காதில் விழுத்தாதவள், அக்காவின் பெயரால் அழுதாள்.

மிருக வைத்தியரை அவரது வீட்டுத் தொலைபேசியில் பிடித்தேன். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது, உடனே கொண்டுவாருங்கள் என்றார். அதற்குள் மைத்துனி, வாந்தி எடுப்பிக்கவென்று உப்புத் தண்ணீர் கரைத்துவிட்டாள். உப்பும் நஞ்சாகலாம், கொடுக்கவே வேண்டாம் என்று அவர் சொன்னதை அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். படித்த ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று முணுமுணுத்தாள்.

தெருவில் படுத்திருந்த கழுதைகளுக்காக ஓட்டோ நின்று நின்று போனது. நாய் என் மடியில் கிடந்தது. என் மனைவியின் கையால் வளர்ந்த உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதற்கு மேல் அன்று நான் நினைத்ததை எழுதப்போவதில்லை.

வைத்தியர் ஊசி போட்டு வாந்தி எடுப்பித்து, பின்னர் சேலைன் ஏற்றினார். நாய் பிழைத்தது.

புதுவருடத்துக்கு மைத்துனி மறுபடி வந்தாள், கையில் மறுபடி ஒரு தட்டோடு.

"பாத்தீங்களே அத்தான், ஒண்டும் நடக்கேல்லை. நான் மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான்."

நன்றி சொன்னேன். ஊசியைப் பற்றி அவளிடம் பேசுவது வீண். தட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் முகம் சிறுத்தது. குசினி வாசலில் வந்து நின்று அடுப்பிலிருந்த சிறிய சட்டியைப் பார்த்தாள்.

"இன்னும் அந்தச் சட்டியே?"

"ஓம்" என்றேன்.

மீனை இறக்கி ஆறவைத்து, முள் எடுக்கத் தொடங்கினேன். அந்த வேலையில் என் மனைவியின் விரல்களுக்கிருந்த விரைவு எனக்கில்லை. மைத்துனி சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.