கடல் நோக்கிய அறையின் சாவி

"கடல் நோக்கிய அறைகள், காலியாக இருக்குமானால், மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை அளித்து ஒதுக்கப்படும்." விடுதியின் ஏழாவது விதி இது. வரவேற்பு மேசைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஒட்டடை தட்டிவிட்டுப் படித்தேன்.

கோடை விடுமுறைக் கூட்டம் வடிந்து, ஆடி அமாவாசைக் கூட்டம் இன்னும் வந்து சேராத ஆனி மாதம். ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம் பக்கம், வடகடல் ஓரத்து விடுதி அது. நானும் என் மனைவியும் தவிர வேறு விருந்தினர் இல்லை. வராண்டாவில் நாலைந்து ஆடுகள் படுத்திருந்தன. முன்பதிவு செய்தவையாகத் தெரியவில்லை. மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மணலில் நடக்க முடியாது. படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எங்களுக்குத் தந்த அறையின் ஜன்னலோ ஜெனரேட்டர் கொட்டகையைப் பார்த்தது.

மேலாளரிடம் ஏழாவது விதியைக் காட்டினேன்.

"அது விஐபி ரூமு சார்."

"எந்த விஐபி வர்றாரு?"

"வந்தாத்தான் சார் தெரியும்."

"அப்ப இப்ப காலிதானே?"

"காலியாத்தான் கெடக்கு. ஆனா காலின்னு எழுத முடியாது."

ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் நானே பலரிடம் சொன்ன பதில்தான். கோபம் வரவில்லை, ஒரு தொழில்முறை மரியாதைதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன்: பொருள், பார்வை, நகல் யாருக்கு, எல்லாம் முறைப்படி. மேலாளர் வாங்கிப் படித்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போன் அடிச்சிருந்தா சாவியக் குடுக்கச் சொல்லியிருப்பாக சார். இப்படி எழுத்துல போனா யாரு கையெழுத்துப் போடுவா?"

வாய்மொழி உத்தரவு செல்லாது என்று விளக்கினேன். நல்லவேளை, இலங்கைக்குப் பாலம் கட்டியவர்களுக்கு என்னைப் போல ஓர் ஆலோசகர் இல்லை.

மறுநாள் காலை டீ குடித்துவிட்டு வந்தால் அறையில் மனைவியைக் காணோம். பூட்டிக் கிடந்த விஐபி அறையின் வராண்டாவில், ஆடுகளை விரட்டிவிட்டு, கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். எதிரே கடல் குளம் மாதிரி கிடந்தது. மேலாளர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வராண்டாவுக்கு அனுமதி யாரு குடுத்தா?" என்றேன்.

"ரூமைத்தானே பூட்டியிருக்காக. கடலைப் பூட்டலையே? தம்பிகிட்ட கேட்டேன், கட்டிலத் தூக்கிட்டு வந்து போட்டுட்டாரு" என்றாள். "நீங்க நிழலடிக்காம இங்கன தள்ளி உக்காருங்க. தம்பி, சாருக்கும் ரெண்டு நகரை மீனு பொரிக்கச் சொல்லுங்க."

"சரிம்மா" என்று அவர் ஓடினார். எந்த விதியையும் கேட்கவில்லை.

ஊர் திரும்பும்வரை அந்த வராண்டாதான் எங்கள் வீடு. ஆடுகளும் ஓரமாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

சில வாரம் கழித்து, என் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, கடல் நோக்கிய அறை, கடிதம் கைக்கு வந்த அதே ஒரு நாள் மட்டும் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாக வீட்டுக்குப் பதில் வந்தது. ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமில்லை என்று டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று ஆடி அமாவாசை.